பதினேழாம் நம்பர் புத்தகமும் ஓர் ஆட்டு வழக்கும்

புளிமூடு முக்கு வாசகசாலை திறந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் அங்கிருந்து வெளியே போன புத்தகம் ஒன்றே ஒன்று. அதையும் எலிதான் கொண்டுபோயிற்று, பக்கம் பக்கமாக.

பாறசாலையிலிருந்து செங்கலுக்குப் போகிற வழியில் இருக்கிற அந்த ஊரில் படிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. குறையெல்லாம் வாசகசாலைக் காரியதரிசி பூதலிங்கம் பிள்ளையிடம் இருந்தது. அவர் முப்பத்தொரு வருஷம் தாலுகா கச்சேரியில் எழுத்து வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மனு இல்லாமல் ஒரு காரியம் நடக்கும் என்பதையே நம்பாத மனிதர். வாசகசாலையில் புத்தகம் வேண்டுமென்றால் ஹர்ஜி என்கிற மனு எழுதிக்கொடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார். பெயர், தகப்பன் பெயர், வீட்டுப்பெயர், என்ன காரணத்தை முன்னிட்டு வாசிக்க வேண்டியிருக்கிறது, யோக்கியமான இரண்டு பேருடைய ஜாமீன். மூன்றாம் நாள் உத்தரவு.

ஆரம்பத்தில் மூன்று பேர் ஹர்ஜி கொடுத்தார்கள். ஒருவர் ‘பொழுது போகவில்லை’ என்று காரணம் எழுதியிருந்தார். ‘காரணம் போதாது, நிராகரிக்கப்பட்டது’ என்று உத்தரவாயிற்று. இரண்டாமவருக்கு மூன்றாமவர் ஜாமீன், மூன்றாமவருக்கு இரண்டாமவர் ஜாமீன். இரண்டையும் ஒன்றாகக் கட்டித் தள்ளுபடி செய்தார். நாலாவதாக ஹர்ஜி எழுத ஊரில் யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை.

பிள்ளை கெட்டவர் அல்ல. அவருடைய வருத்தம் வேறு. முப்பத்தொரு வருஷம் அவர் எழுதிய உத்தரவுகளுக்கெல்லாம் கையொப்பம் போட்டது வேறு யாரோ. வார்த்தை இவருடையது, கீழே பெயர் மேலதிகாரியுடையது. சில அதிகாரிகள் வாசிக்காமலே போட்டார்கள். வாசகசாலையில்தான் தன் எழுத்துக்குக் கீழே தன் பெயரை முதல்முறையாக அவர் எழுதினார். அந்த மூன்று நிராகரிப்புகளையும் வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி நீலாம்பாளிடம் காட்டினார்.

“நல்ல எழுத்துதான்,” என்றாள் நீலாம்பாள். “ஆனா புஸ்தகம் குடுக்கதுக்கு வச்ச இடத்தில குடுக்காம இருக்கதுக்கு இவ்வளவு மையா?”

பங்குனியான மீன மாதம் பிறந்ததும் மைத்துனன் சிவானந்தம் பிள்ளை வந்து நின்றான். நீலாம்பாளின் தம்பி, வாசகசாலையின் தலைவன், அந்தக் கட்டடத்துக்கும் சொந்தக்காரன்.

“அத்தான், நான் ஒண்ணு சொன்னா கோவப்படப்பிடாது. அடுத்த மேட மாசம் பத்தாம் தேதி, பத்தாமுதயத் திருநாளுக்கு, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் எசமான் இந்தப் பக்கம் வாறார். அவரைக் கூட்டிட்டு வந்து இடத்தைக் காட்டப்போறேன். அதுக்குள்ள நாப்பது பேர் புஸ்தகம் எடுத்திருந்தா வாசகசாலை இருக்கட்டு. இல்லேண்ணா கொப்பரை போடுகதுக்கு எனக்கு இடம் வேணும்.”

“கொப்பரையா! சரஸ்வதி இருக்க இடத்திலயா?”

“சரஸ்வதிக்கு கொப்பரை வாசன பிடிக்காதுண்ணு யாரு சொன்னா?”

அவன் சொன்னது ஊரார் நாலு பேர் முன்னிலையில். அதனால் பின்வாங்க முடியாது, இருவராலும். அன்றைக்குப் பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. மேசை போனால், ஒப்பும் போகும். ஒப்புப் போனால், வீட்டில் நீலாம்பாள் பயறு உடைப்பதை வேடிக்கை பார்க்கிற கிழவன் என்பதைத் தவிர அவர் யார்? நினைக்கவே அவருக்கு அழுகை வந்தது.

மறுநாள் உட்கார்ந்து வசந்தகால ஏற்பாடுகள் என்று ஒரு பட்டியல் போட்டார். காலையில் பத்திரிகையை உரக்க வாசித்தல். வெள்ளிக்கிழமை பெண்களுக்குத் தனி நேரம். எழுத்தறியாதவர்களுக்கு வாசித்துக் காட்ட ஆள். பத்தாமுதயத்தன்று பொதுக்கூட்டம். எல்லாம் நல்ல ஏற்பாடுகள். விளம்பரத்தை எழுதும்போதுதான் கை பழைய தடத்தில் போய்விட்டது.

‘இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது யாதெனில், மேற்படி ஸ்தலத்தில் மீனம் ஐந்தாம் தேதி முதல் ஹர்ஜிகள் தாராளமாக ஏற்கப்படும். ஜாமீன் தேவையில்லை. ஹர்ஜிதாரர்கள் நேரில் ஹாஜராகி உத்தரவு பெற்றுக்கொள்ள வேண்டியது.’

கீழே நீளமாக ஓர் ஒப்பு. ஒன்றைப் புளியமரத்தில் அடித்தார். ஒன்று பனச்சமூட்டுச் சந்தைக்குப் போயிற்று, ஒன்று மீன்காரிகளோடு கடற்கரைக்கு. புத்தகம் என்கிற சொல்லையே எழுத மறந்துபோனது அவருக்குத் தெரியாது.

மீனம் ஐந்தாம் தேதி காலையில் சாவியோடு வந்தவர் திடுக்கிட்டார். முக்கில் திருவிழாக் கூட்டம். அறுபது பேராவது இருக்கும். எல்லார் கையிலும் மனு. எழுதத் தெரியாதவர்கள் மனுவுக்குப் பதிலாக எதிர்க்கட்சிக்காரனையே கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார்கள்.

முதலில் நின்றவர் பனையேறி ராஜையா. அவர் பிடியில் வண்டிக்காரன் சோமன்.

“எசமானே, எனக்க வாழயில பத்து கன்ன இவனுக்க ஆடு தின்னுபோட்டு. கேட்டா சிரிக்கான்.”

“ஆடு தின்னும்லா எசமானே. ஆட்டுக்கு என்ன சட்டம் தெரியும்?” என்றான் சோமன்.

அவர்களுக்குப் பின்னால் கடற்கரையிலிருந்து வந்த ப்ளோரன்ஸ், மீன்கூடையோடு. “கடவுத் தோணிக்காரன் ததேயூஸ் என்னக் கண்டாலே மூக்கப் பொத்திட்டு தோணிய விட்டுருவான். அவனும் மீன்காரிக்க மகன்தான், கேட்டியளா!”

பிள்ளைக்கு விளங்கிவிட்டது. ‘இது கச்சேரி அல்ல, போங்கள்’ என்று சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் அறுபது தலைகள். தேவைப்படுவது நாற்பது. கணக்குத் தெரிந்த வாய் தானே மூடிக்கொண்டது.

ஆனாலும் பொய் சொல்ல மனம் வரவில்லை. “கேளுங்கோ, மக்களே. எனக்கு ஒரே ஒரு அதிகாரம் தான் உண்டு. புஸ்தகம் குடுக்கது. வேற ஒண்ணும் என்னால ஆகாது.”

கூட்டம் தனக்குள் கொஞ்சம் முணுமுணுத்தது. பிறகு ராஜையா எல்லார் சார்பிலும் சொன்னார். “அதானே எசமானே உள்ளது? பின்ன அதத் தாரும். ஆனா உத்தரவா எழுதித் தரணும். வாழயும் போச்சு, வெறுங்கையோட வீட்டுக்குப் போவ முடியாது.”

பிள்ளை பேனாவை எடுத்தார். அன்றைக்கு அவர் எழுதியதுபோல முப்பத்தொரு வருஷத்தில் எழுதியதில்லை.

ப்ளோரன்ஸ் மனுவில்: ‘காலரா தடுப்பு பற்றிய எட்டாம் நம்பர் புத்தகத்தைத் தோணிக்காரன் ததேயூஸ் பெற்று, ஹர்ஜிதாரி தோணியில் ஏறும்போதெல்லாம் அக்கரை சேரும்வரை உரக்க வாசிக்க வேண்டியது. வாசிக்கும்போது மூக்கைப் பொத்தலாகாது.’

ஆட்டு வழக்குக்கு மாடு வளர்ப்புப் புத்தகம் பொருத்தமாக இருந்திருக்கும். அது ஏற்கெனவே ஒரு மாமியார் மருமகள் வழக்கில் போய்விட்டது. மீதியில் துழாவியபோது அட்டை போன ஒரு கதைப் புத்தகம் கிடைத்தது. நம்பர் பதினேழு. முதல் பக்கத்தில் ஓர் ஆடு வருகிறது. அது போதும் என்று தோன்றியது.

‘புத்தகம் ஒரே பிரதி ஆகையால், ராஜையாவும் சோமனும் தினமும் வாசகசாலையில் ஒரே பெஞ்சில் இருந்து சேர்ந்து வாசிக்க வேண்டியது. வாசித்து முடியும்வரை ஆட்டைக் கட்டிப்போட வேண்டியது.’

இந்தக் கடைசி வரியில்தான் சூட்சுமம் இருந்தது. சோமனுக்கு மூன்றாம் வகுப்புவரை எழுத்துத் தெரியும், ராஜையாவுக்குத் தெரியாது. ஆகவே வாசிப்பவன் சோமன். ஆட்டை அவிழ்க்க வேண்டும் என்பதால் அவன் தீப்பிடித்த மாதிரி வாசித்தான். ராஜையாவோ ஆடு கட்டுத்தறியில் இருக்கிற ஒவ்வொரு நாளும் வாழைக்கு லாபம் என்று கண்டுகொண்டார்.

“பைய வாசி, எலே. எனக்கு விளங்கல்ல. அந்த எடத்த இன்னொருக்க சொல்லு.”

“மூணாமத்த தடவயாக்கும்!”

“உத்தரவில சேர்ந்து வாசிக்கணும்ணு உண்டு. நீ முன்ன போனா அது சேர்ந்ததாகுமா?”

இப்படியே ஒரு வாரம். எட்டாம் நாள் கதையில் ஒரு ராஜகுமாரி, கைநழுவி விழுந்த மோதிரத்தை எடுக்கப் பாழுங்கிணற்றுக்குள் இறங்கினாள். அதற்குப் பிறகு ராஜையா திரும்பச் சொல்லக் கேட்டது வாழைக்காக அல்ல. சோமனும் அந்த இடத்தை மறுபடி வாசிக்க முகம் சுளிக்கவில்லை. கிணறு பெரிய கிணறு. உள்ளே ஒரு படி, அதற்குள் ஒரு கதவு, அதற்குள் ஒரு ஊர் என்று அது பாட்டுக்குப் போயிற்று. ஆட்டுக்குத் தழை பறித்துப்போட நேரமில்லை என்று சோமன் சொல்ல, ராஜையாவே தன் விளையிலிருந்து வாழையிலை கொண்டுவந்து கொடுத்தார். ஆடு தின்றது அதே வாழைதான். இப்போது வீட்டுக்கே வந்துசேர்ந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தோணியிலோ, காலரா வாசிப்பைக் கேட்பதற்கென்றே சிலர் ப்ளோரன்ஸ் வரும்வரை கரையில் காத்திருக்கத் தொடங்கினார்கள். அவள் இல்லாமல் ததேயூஸ் வாசிக்க மாட்டான், உத்தரவு அப்படி.

பத்தாமுதயம் வந்தது. ஊரெல்லாம் விடியற்காலையில் சேனையும் காய்ச்சில் கிழங்கும் நட்டுவிட்டு, கை கழுவி, வாசகசாலை முன்னால் கூடிவிட்டது. வில்வண்டியில் இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கொண்டு வந்த சிவானந்தம் பிள்ளை, காலியான அறையைக் காட்டலாம் என்று நினைத்திருந்தான் போலும். அவன் முகம் செத்துப்போயிற்று. ஐம்பத்து மூன்று பேர் புத்தகத்தோடு இருந்தார்கள்.

இன்ஸ்பெக்டருக்கு ஆச்சரியம். பெஞ்சில் இருந்த ராஜையாவிடம், “வாசிப்பில் உமக்கு இவ்வளவு பிரியம் எப்படி வந்தது?” என்று கேட்டார்.

ராஜையா எழுந்து துண்டை இடுப்பில் கட்டினார். “உத்தரவாக்கும், எசமானே.”

“யாருடைய உத்தரவு?”

அவர் பத்திரமாக மடித்துவைத்திருந்த காகிதத்தை எடுத்து நீட்டினார். ஊரே தன் தன் உத்தரவை எடுத்தது. சிவானந்தத்துக்கு உயிர் திரும்பிற்று.

“பாத்தியளா எசமானே? இது வாசகசாலை அல்ல, கள்ளக் கச்சேரி! எங்க அத்தான் ஆடு வழக்குக்கெல்லாம் தீர்ப்பு எழுதியிருக்காரு!”

இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாக வாசித்தார். ஓய்வூதியம், மானம், மேசை எல்லாம் ஒரே வண்டியில் ஏறிப் போவதைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதற்கெல்லாம் ஒப்புப் போட்டது யார்?”

கச்சேரியில் இந்தக் கேள்விக்கு எப்போதும் மேலே கைகாட்டலாம். இங்கே மேலே ஓடுதான் இருந்தது. “நான்தான் எசமானே,” என்றார் பிள்ளை. சொன்ன பிறகு பயத்தோடு பயமாக ஒரு சந்தோஷமும் வந்தது, ஏன் என்று தெரியாமல்.

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார். மூக்கைப் பொத்தலாகாது என்ற வரியை அவர் இரண்டாம் முறை வாசித்ததைக் கூட்டத்தில் நின்ற நீலாம்பாள் மட்டும் கவனித்தாள். “புத்தகம் கொடுத்ததைத் தவிர வேறு தண்டனை எதுவும் இதில் இல்லை. ஆனால் நாளை முதல் இங்கே ஹர்ஜி கூடாது. கேட்டவருக்குப் புத்தகம் கொடுக்க வேண்டும். சிவானந்தம் பிள்ளை, நாற்பது பேர் என்றீரே, இது போதுமல்லவா?”

ஊர் முன்னால் சொன்ன வாக்கு. சிவானந்தம் தலையை ஆட்டினான். கொப்பரைக்கு வேறு இடம் பார்க்க வேண்டும்.

மேசை தப்பியது, ஒப்புப் போயிற்று. பிள்ளைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கூட்டம் ஆர்ப்பரித்தது, அவர் பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வண்டி வரும்வரை இன்ஸ்பெக்டர் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றார். சோமன் வாசிக்க ஆரம்பித்திருந்தான். கிணற்றுக்குள் இருந்த ஊரில் ராஜகுமாரியை ஒரு கிழவி வழிமறித்திருந்தாள். வண்டி வந்தது, காளைகள் தலையாட்டின, இன்ஸ்பெக்டர் நகரவில்லை. கடைசியில் கையை நீட்டினார்.

“அதை இங்கே கொடு. வண்டியில் வாசித்துவிட்டு ஆள் மூலம் அனுப்பிவிடுகிறேன்.”

சோமன் ராஜையாவைப் பார்த்தான். ராஜையா பிள்ளையைப் பார்த்தார். எசமான் கேட்டால் கொடுக்காமல் முடியுமா? இரண்டு பேர் கையும் புத்தகத்தை விடவில்லை.

பிள்ளை தொண்டையைக் கனைத்தார். “எசமானே… அதுக்கு ஒரு ஹர்ஜி வேணும்.”

“ஹர்ஜி கூடாது என்று இப்போதுதானே சொன்னேன்?”

“நாளை முதல்ணு உத்தரவாச்சு எசமானே. இண்ணைக்கு பழைய சட்டம் நடப்பில உண்டு.”

சிவானந்தம் கண்ணை மூடிக்கொண்டான். இன்ஸ்பெக்டர் பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மேசைக்கு வந்து, நாற்காலியில் அமர்ந்து, காகிதம் வாங்கி ஹர்ஜி எழுதினார். பெயர், தகப்பன் பெயர், வீட்டுப்பெயர் எல்லாம். காரணம் என்ற இடத்தில், ‘கிழவி என்ன கேட்டாள் என்று அறிய’ என்று எழுதினார்.

பிள்ளை அதை இரண்டு தரம் வாசித்தார். தன் வாழ்நாளில் எத்தனை எளியவர்களின் மனுவில் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறோம் என்பது அவருக்கு அப்போது நினைவுக்கு வந்தது. பேனாவை மையில் தோய்த்து, அவசரமில்லாமல் எழுதினார்.

‘காரணம் போதுமானது. ஆயினும் மேற்படி புத்தகம் ராஜையா, சோமன் ஆகியோர் வாசிப்பில் இருப்பதால் இப்போது தருவதற்கு வழியில்லை. அவர்கள் முடித்த பின் ஆலோசிக்கப்படும்.’

கீழே முழுப் பெயரையும் எழுதி, மை காயும்வரை ஊதி, இரண்டு கையாலும் நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் வாசித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வண்டிக்காரனைக் கூப்பிட்டு, காளைகளை அவிழ்த்துக் கட்டச் சொன்னார். பிறகு வந்து பெஞ்சின் ஓரத்தில், ராஜையாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சோமன் பதறிப்போய் வேகமாக வாசிக்கத் தொடங்கினான்.

“எலே, பைய வாசி,” என்றார் ராஜையா. “புதுசா வந்த கட்சிக்காரருக்கும் விளங்கண்டாமா?”