சத்தமில்லாத மோட்டார்

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது, இனிமேல் துடுப்புப் போடக்கூடாது என்று டாக்டர் சுருளிவேலிடம் சொல்லிவிட்டார். ஆனையிறங்கல் அணையில் வலை போட்டுப் பிழைக்கிறவன் அவன். ஊர் வந்த மறுநாளே, படகுக்கு மோட்டார் வைத்துவிடலாம் என்று ஆரம்பித்தான்.

அவன் மனைவி முருகேஸ்வரி தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கப் போகிறவள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அணைக்கரையில்தான் குடியிருப்பு. ஆனாலும் கணுக்காலுக்கு மேல் அந்தத் தண்ணீரில் இறங்கியதில்லை. நீச்சலும் தெரியாது.

பெட்ரோல் எஞ்சினுக்கு அணையில் அனுமதி கிடைக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். பேட்டரியில் ஓடும் மோட்டார்தான் வழி. டூரிஸ்ட்டுகளை ஜீப்பில் ஏற்றிச் சுற்றிக்காட்டும் ஜின்சனிடம் அப்படி ஒன்று சும்மா கிடந்தது. படகின் பின்பலகையில் மாட்டிக்கொள்ளலாம். நீண்ட தண்டு, அதன் நுனியில் தண்ணீருக்குள் சுழலும் சின்ன விசிறி, மேலே கைப்பிடி. கைப்பிடியைத் திருகினால் ஐந்து வேகம்.

"சத்தமே வராதுண்ணே. நீங்க வர்றது மீனுக்குக்கூடத் தெரியாது" என்றான் ஜின்சன்.

"வேற எதுக்கெல்லாம் தெரியாது?" என்று கேட்டாள் முருகேஸ்வரி.

எதிர்க்கரைக் காட்டிலிருந்து யானைகள் தண்ணீருக்கு இறங்கும். சில நாள் நீந்தி இந்தக் கரைக்கே வரும். சுருளிவேல் எப்போதும் துடுப்பைப் படகில் தட்டிக்கொண்டேதான் போவான். ஆள் வருகிற சத்தம் கேட்டால் அவை ஒதுங்கிக்கொள்ளும்.

பேட்டரிக்காகப் புருஷனும் பெண்டாட்டியும் மலையிறங்கிப் போடி டவுனுக்குப் போனார்கள். கடைக்காரர் நிதானமாக விளக்கினார். "ஜீப் பேட்டரி வேணாம். அது ஒரே மூச்சுல கரண்டக் குடுத்து வண்டியக் கெளப்பிவிடும், அதோட அது வேல முடிஞ்சுச்சு. ஒங்களுக்கு நெதானமா ரொம்ப நேரம் குடுக்குற பேட்டரி வேணும். இன்வெர்ட்டருக்குப் போடுறது இருக்கு, இல்ல லித்தியம் இருக்கு."

சுருளிவேல் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வெளியே வந்தான். "வியாபாரி வேற எப்படிச் சொல்லுவான்? ஜின்சன் வண்டில கழட்டுன பேட்டரி நல்லாத்தான இருக்கு."

"நடுத்தண்ணில நின்னு போச்சுன்னா?"

"துடுப்பு இருக்குல்ல."

"ஒங்களத்தான் துடுப்புப் போடக்கூடாதுன்னு சொல்லியிருக்கே."

"அம்புட்டுப் பயம்னா நீயும் கூட வா" என்றான் எரிச்சலோடு. கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அவள் போனாள். வீட்டில் உட்கார்ந்து அணையையே பார்த்துக்கொண்டிருப்பது அதைவிடக் கொடுமை என்று அவளுக்குத் தோன்றியது.

ஜீப் பேட்டரியையே மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். விடிந்தும் விடியாத நேரம். பனிமூட்டம் தண்ணீர்மேல் கிடந்தது. மோட்டார் லேசாக முனகியதோடு சரி, படகு வழுக்கிக்கொண்டு போனது. சுருளிவேலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கைப்பிடியை ஐந்தில் வைத்தபடி, "பாத்தியா? பாத்தியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். அவள் பலகையின் இரு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு காலடியை மட்டுமே பார்த்தாள்.

முந்தின நாள் ஜின்சனை விட்டு எதிர்க்கரை ஓரம் போட்டிருந்த வலையை இருவருமாக இழுத்தார்கள். நல்ல மீன்பாடு. கோல்டு மீனும் சிலேபியுமாகப் படகு கனத்துவிட்டது. ஈர வலையும் சேர்ந்துகொள்ள, படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை.

திரும்புகிற வழியில் பாதி தூரம் வந்திருக்கும். முனகல் மெலிந்தது. சுருளிவேல் கைப்பிடியைத் திருகிப் பார்த்தான். ஏற்கெனவே ஐந்தில்தான் இருந்தது. விசிறி இரண்டு சுற்று சோம்பலாகச் சுற்றிவிட்டு நின்றது.

அவன் துடுப்பை எடுக்கப் போனான். முருகேஸ்வரி முந்திக்கொண்டு பறித்தாள். "குடுங்க இங்கிட்டு. நெஞ்சு வலிச்சுச்சுன்னா நான் எங்க போவேன்?"

வாழ்நாளில் அவள் துடுப்பைத் தொட்டதில்லை. நாலு தரம் தண்ணீரைத் தள்ளினாள். படகு இருந்த இடத்திலேயே வட்டம் போட்டது. சுற்றிலும் ஒரே வெள்ளை. எந்தப் பக்கம் வீடு, எந்தப் பக்கம் காடு என்பதே தெரியாமல் போய்விட்டது.

அப்போதுதான் அந்த மூச்சு கேட்டது.

புஸ்ஸென்று, ரப்பர் டியூபில் காற்றைப் பிடுங்கிவிட்ட மாதிரி ஒரு சத்தம். பிறகு இன்னொன்று, வேறு பக்கத்தில். ஈரச் சேறும் சாணமும் கலந்த வாடை வந்தது. மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு துதிக்கை தண்ணீருக்கு மேலே வளைந்து நின்றது. அதற்குப் பின்னால் கறுப்பாக ஒரு மண்டை. அதன் பக்கத்தில் சின்ன மண்டை ஒன்று.

"குட்டியோட வருது" என்றான் சுருளிவேல். உதடு மட்டும்தான் அசைந்தது.

எத்தனையோ தரம் யானைகளைச் சத்தம் போட்டு ஒதுக்கியவன் அவன். அதெல்லாம் தூரத்தில், கரையில் நின்ற யானைகள். இப்போது அவன் முகம் வேர்த்து வடிந்தது. ஒரு கை நெஞ்சில் இருந்தது. மற்றொரு கை மோட்டாரின் கைப்பிடிக்குப் போனது. கொஞ்சம் ஆறப்போட்டால் பேட்டரிக்குச் சற்று உயிர் வரும் என்று அவனுக்குத் தெரியும். விசிறி சுழன்றால் குட்டியின் காலருகே சுழலும் என்பது மட்டும் அந்த நேரத்தில் அவனுக்குத் தோன்றவில்லை.

முருகேஸ்வரி அவன் மணிக்கட்டை அமுக்கினாள். தலையை ஆட்டினாள். கத்தலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். இவ்வளவு பக்கத்தில் கத்தினால் தாய் மிரண்டுவிடும். துடுப்பை மெல்ல மடியில் கிடத்திக்கொண்டு, அவனையும் இழுத்து மீன்களுக்கு நடுவே குனிய வைத்தாள். மீன்கள் அவள் முழங்காலில் அடித்துத் துள்ளின. அந்தச் சத்தம்கூட அவளுக்கு இடி மாதிரி கேட்டது.

குட்டி படகைப் பார்த்துவிட்டது. வழியை விட்டு இவர்கள் பக்கம் திரும்பியது. அதன் துதிக்கை நுனி படகின் ஓரத்தைத் தடவியது. ஈரமாக, மயிர் முளைத்த நுனி. அவள் கையை நீட்டினால் தொட்டுவிடலாம். சேலை நனைந்தது தண்ணீராலா, தன்னாலா என்று அவளுக்கே தெரியவில்லை.

தாய் நடுவில் புகுந்தது. அதன் முதுகு எழும்பியதும் அலை வந்து விளிம்பைத் தாண்டிப் படகுக்குள் கொட்டியது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, நின்று, திரும்ப நிமிர்ந்தது. பக்கவாட்டில் ஒரு கண் அவர்களைப் பார்த்தது. பிறகு அந்தப் பெரிய உடம்பு குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு நகர்ந்தது. பின்னால் இன்னும் சில மூச்சுகள் கடந்து போயின. எத்தனை என்று எண்ண அவளுக்குத் திராணியில்லை.

சத்தம் முழுக்க அடங்கியபின்தான் அவன் மணிக்கட்டை விட்டாள். விரல் பதிந்த தடம் சிவந்திருந்தது. மோட்டாரை ஒன்றாம் வேகத்தில் வைத்ததும் படகு கொஞ்ச தூரம் ஊர்ந்தது. மிச்சத்தை அவள்தான் கோணல்மாணலாகத் துழாவிக் கரை சேர்த்தாள்.

ஜின்சன் ஜீப்பில் அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். நெஞ்சில் கோளாறு ஒன்றும் இல்லை, பயந்திருக்கிறார் என்றார்கள். ஆனால் சுருளிவேல் அதற்குப்பின் படகுப்பக்கம் போகவில்லை. மத்தியானத் தூக்கத்திலிருந்துகூட அலறிக்கொண்டு எழுந்தான். "மூச்சு விடுற சத்தம் கேக்குதுடி" என்பான். படகை விற்றுவிடச் சொன்னான்.

முருகேஸ்வரி விற்கவில்லை. அவளுக்கும் பயம் விடவில்லைதான். அவளுக்கு அது புதிதாக வந்தது அல்ல. தண்ணீரைப் பார்த்த நாளிலிருந்து பயத்தோடுதான் இருந்தாள். அது இருக்கிறபோதும் கை வேலை செய்யும் என்று அன்று தெரிந்துகொண்டிருந்தாள்.

ஜின்சனைக் கூட்டிக்கொண்டு மறுபடி போடிக் கடைக்குப் போனாள்.

"மோட்டாரச் சின்னதா மாத்தணுமா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா. இதையே ரெண்டாம் நம்பர்ல ஓட்டுங்க. கரண்டு கொறச்சலாத்தான் இழுக்கும். எதுக்காத்து அடிச்சா அப்ப அஞ்சுக்குப் போங்க."

"இந்த ரெண்டு பேட்டரில எது தீரப்போறத முன்கூட்டிச் சொல்லும்?"

கடைக்காரர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "இன்வெர்ட்டர் பேட்டரி மெதுமெதுவா அசந்து போகும், வேகம் கொறையிறதுல தெரிஞ்சுக்கலாம். ஆனா கனம். லித்தியம் அதுல பாதி கனம்கூட இல்ல. கடைசி வரைக்கும் ஒரே மாதிரி ஓடிட்டு டக்குன்னு நிறுத்திரும். சொல்லாது."

இன்வெர்ட்டர் பேட்டரியைத் தூக்கிப் பார்த்தாள். தரையை விட்டு எழும்பவில்லை. சார்ஜ் போட அதைத் தினமும் கரையிலிருந்து வீட்டுக்கு மேட்டில் ஏற்ற அவளால் ஆகாது. படகும் இன்னும் தாழும்.

"எம்புட்டு மிச்சம் இருக்குன்னு காட்டுற மீட்டர் உண்டா?"

"உண்டு."

லித்தியமும் மீட்டரும் எடுத்தாள். உடம்பில் மாட்டிக்கொள்கிற மிதவைச் சட்டை ஒன்றும், இன்னொரு துடுப்பும் வாங்கினாள். பாதி மிச்சம் இருக்கும்போதே படகைத் திருப்பிவிட வேண்டும் என்று கடையிலேயே முடிவு செய்துகொண்டாள். சில நாள் கரையோரமாகவே துடுப்புப் போட்டுப் பழகினாள், பிறகு ஒரு சாயங்காலம் ஜின்சனோடு போய் வலையைப் போட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை தனியாகப் போனாள். மூட்டம் கலையும் வரை கரையில் காத்திருந்தாள். போகிற வழியெல்லாம் துடுப்பால் படகைத் தட்டினாள். வலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், எதிர்க்கரைப் புல் அசைந்தது. காற்றாக இருக்கலாம். மீட்டரில் சார்ஜ் எண்பதுக்கு மேல் நின்றது. அவள் நின்று பார்க்கவில்லை. படகைத் திருப்பினாள்.

கரையில் சுருளிவேல் நின்றிருந்தான். வெறும் படகைப் பார்த்தான். முழங்கால் வரை தண்ணீரில் இறங்கிப் படகின் முனையைப் பிடித்தான்.

"வலைய நாளைக்கு எடுத்துக்கலாம்" என்றாள் அவள்.