மணிமுத்துவுக்கு எந்த வால்வு

ஆஸ்பத்திரிப் படிவத்தில் ‘தொழில்’ என்ற இடத்தில் ‘வியாபாரம்’ என்று எழுதியதுதான் இசக்கிசெல்வி செய்த முதல் தப்பு என்று சொல்ல முடியாது. அந்தத் தப்பு அஞ்சு வருசத்துக்கு முன்னால், அவள் கல்யாணப் பேச்சிலேயே நடந்துவிட்டது. குற்றாலம் ரோட்டில் மாடி வீடு, மாப்பிள்ளைக்குக் கூட்டுறவு பேங்கில் வேலை, மாமியார் சங்கரம்மாள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்ட இடத்தில் பெண்ணின் அப்பா வெல்டர் என்று சொல்ல யாருக்குத்தான் நாக்கு வரும்? “சுரண்டையில பட்டறை வச்சிருக்காவ, நாலு பேர் வேலை பாக்காவ, அண்ணாச்சி உக்காந்து மேற்பார்வை பாக்கதோட சரி” என்று தரகர் எடுத்துவிட்டார். செல்வியும் வாயைத் திறக்கவில்லை. அந்த நாலு பேரும் எப்போதோ திருப்பூருக்கும் துபாய்க்கும் பிழைக்கப் போயாயிற்று. அறுபத்தொன்பது வயதில் அப்பா மணிமுத்துவேதான் கேட்டுக்கும் கிரில்லுக்கும் குனிந்து பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

ஆனி பிறந்து சாரல் தொடங்கிய வாரத்தில், பட்டறை வாசலில் மனிதர் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகிற வால்வில் சுண்ணாம்பு படிந்து இறுகிக் கிடக்கிறது. நெஞ்சைத் திறக்க வேண்டாம், தொடை ரத்தக்குழாய் வழியாகவே புது வால்வைக் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்றார்கள்.

“என்னத்தையும் வைக்கட்டும்ட்டி” என்று மகளிடம் சொன்னார் மணிமுத்து. “நான் பட்டறைக்குத் திரும்பிப் போகணும், அவ்வளவுதான். ராடு பிடிக்காம வீட்டுல உக்காந்தா நான் எட்டு நாள் தாங்க மாட்டேன்.”

சனிக்கிழமைதோறும் தென்காசிக்கு வருகிற இதய டாக்டர் ஜைனப்பிடம் போனார்கள். சம்பந்திக்கு ஒன்று என்றால் நான் வராமல் யார் வருவா என்று சங்கரம்மாளும் கூடவே கிளம்பி வந்து முன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மணிமுத்து வெள்ளை வேட்டியும் முழுக்கைச் சட்டையுமாகப் பட்டறை முதலாளி கணக்காகப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் மேசைமேல் இரண்டு மாதிரி வால்வுகளை எடுத்து வைத்தார். இரண்டும் கட்டைவிரல் பருமனுக்கு, கம்பி வலைக்குள் சவ்வு தைத்தது.

“இது பலூன் வச்சு விரிக்கது. குட்டையா இருக்கும், வச்ச இடத்துல கிண்ணுன்னு நிக்கும். இது தானா விரியுறது. குளிர்ல சுருக்கி உள்ள கொண்டுபோவோம், உடம்புச் சூட்டுல விரிஞ்சுக்கும். கொஞ்சம் உயரம்.”

“ரெண்டுல எது நல்லதும்மா?” என்றார் சங்கரம்மாள்.

“ரெண்டும் நல்லதுதான். ஆளைப் பொறுத்தது. அண்ணாச்சிக்கு வால்வு வளையம் சின்னது. அதுக்குத் தானா விரியுறதுதான் தோது, ரத்தம் தாராளமாப் போகும். ஒரே ஒரு சங்கடம். இதயத்தைத் துடிக்க வைக்கிற மின்சாரப் பாதை பக்கத்துலயே ஓடுது. அதை அழுத்திட்டா பேஸ்மேக்கர் வைக்கணும். நூறுல பதினஞ்சு பேருக்கு அப்படி ஆகலாம். பலூன் வால்வுல அதுல பாதிதான்.”

“பேஸ்மேக்கர் வச்சா என்னெல்லாம் செய்யக்கூடாது டாக்டர்?” என்று செல்வி கேட்டாள்.

“பெருசா ஒண்ணுமில்ல. பெரிய காந்தம், ஆர்க் வெல்டிங், இதுக்கெல்லாம் பக்கத்துல போகக் கூடாது. வியாபாரம்னுதானே போட்டிருக்கீங்க? உக்காந்து பாக்கவங்களுக்கு அது ஒரு பாரமே இல்ல.”

செல்வி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் மகளைப் பார்க்கவில்லை.

“தானா விரியுறதையே வைங்கம்மா” என்றார் மணிமுத்து. குரல் தெளிவாகத்தான் இருந்தது. டாக்டர் எழுதுவதற்குப் பேனாவைத் திறந்தார்.

அடப்பாவி மனுசா, என் மானத்துக்காக உன் கையையே வெட்டிக் குடுக்கியா என்று அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

“எழுதாதீங்க டாக்டர். எங்க அப்பா வெல்டர். பட்டறையில வேற ஆளே கிடையாது. தினமும் அவங்கதான் பத்தவைக்காங்க.”

முழுப் பூசணிக்காய் சோற்றிலிருந்து வெளியே வந்து உட்கார்ந்துகொண்டது. சங்கரம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மருமகளைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார்.

“அப்ப மூணு மாசமா என் மாடிப்படிக் கம்பி ஆடுதுன்னு ஊரெல்லாம் ஆள் தேடி அலைஞ்சேனே” என்றார். “வீட்டுக்குள்ள ஆளை வச்சுக்கிட்டு வேடிக்கையா பாத்தே? நல்லா இருக்குட்டி உன் நியாயம்.”

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்கேன் படங்களைத் திரும்ப எடுத்தார். இந்த முறை நேரம் எடுத்துப் பார்த்தார். “அப்ப கணக்கு மாறுது அண்ணாச்சி. பலூன் வால்வே வைப்போம். ரத்தம் போற வழி கொஞ்சம் ஒடுக்கமாத்தான் இருக்கும். ஆனா உங்க உடம்புக்குப் போதும். பேஸ்மேக்கரே வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.”

மணிமுத்து முதல்முறையாக நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். பலூன் வால்வைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். “இதுல ஒட்டு எங்கனம்மா?”

“ஒட்டே கிடையாது. ஒரே குழாயை லேசர்ல வெட்டி எடுத்தது.”

“அதானே பாத்தேன். ஒட்டு இல்லன்னா விட்டுப்போகாது. எவனோ வேலை தெரிஞ்சவன் செஞ்சிருக்கான்.” பிறகு என்ன உலோகம், எத்தனை வருசம் உழைக்கும், ஓரத்தில் கசிவு வராதா என்று கேட்டுக்கொண்டே போனார். வெளியே காத்திருந்தவர்கள் கதவை எட்டிப் பார்க்கும்வரை டாக்டரும் சளைக்காமல் பதில் சொன்னார்.

அடுத்த வாரம் திருநெல்வேலியில் வால்வு வைத்தார்கள். இரண்டு நாள் இதயத் துடிப்பைக் கண்காணித்தார்கள். அந்த இரண்டு நாளும் செல்வி இசக்கியம்மனை விடவில்லை. மூன்றாம் நாள் டாக்டர் ஜைனப் வந்து, பேஸ்மேக்கர் வேண்டாம், ஒரு மாசம் கழித்துப் பட்டறைக்குப் போகலாம் என்றார்.

ஓய்வுக்கு மணிமுத்து மகள் வீட்டுக்கே வந்தார். சாயங்காலம் மாடி வராந்தாவில் சாரல் முகத்தில் அடிக்க உட்கார்ந்திருந்தவரிடம் சங்கரம்மாள் காப்பி டம்ளரை நீட்டினார். மணிமுத்து சட்டைக்கையை மேலே ஏற்றிவிட்டு, இரண்டு கையாலும் அதை வாங்கினார். செல்வி பார்த்துக்கொண்டே நின்றாள்.

“என்னட்டி பாக்குத?” என்றார் அவர்.

“உங்களுக்கு இந்த வீட்டுக் காப்பி பிடிக்காதுன்னுல்லா இத்தனை நாளும் நினைச்சேன்.”

“பிடிக்காம என்ன. கையை நீட்டுனா தீப்பொறித் தழும்பை உங்க அத்தை பாத்துருவாவளேன்னு வேண்டாம்னு சொல்லிருவேன்.”

அவர் கடைசிச் சொட்டுவரை அண்ணாந்து குடித்து முடித்தார். “மைனி, இன்னும் கொஞ்சம் இருக்கா?” என்று சம்பந்தியிடம் டம்ளரை நீட்டினார்.