கேட்கும் கை

கிரிஜா கதவைத் தள்ளியபோது மண்டபத்துக்குள் பன்னிரண்டு பேர் கண்களை மூடிக்கொண்டு இரண்டிரண்டு பேராக நின்றிருந்தார்கள். ஒருவரின் முன்கை மற்றவரின் முன்கைமேல் சாய்ந்திருந்தது. யாரும் அடிக்கவில்லை, பிடிக்கவுமில்லை. ஒட்டிய கைகள் மட்டும் மெல்ல முன்னும் பின்னும் போய்வந்தன. அத்தனை பேர் இருந்தும் கூரையில் ஓடிய மின்விசிறியின் சத்தம் தனியாகக் கேட்டது.

மெல்பர்னின் புறநகரான கேரம் டவுன்ஸில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணி. அவளுடைய அண்ணன் சடகோபன் ஓரத்தில் நின்று ஒரு பெண்ணின் முழங்கையை ஒரு விரலால் தாழ்த்திக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. கிரிஜா அவரைப் பார்த்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

"அண்ணே."

அவர் திரும்பினார். அவள் சட்டையில் ஒட்டியிருந்த மருத்துவமனைப் பார்வையாளர் வில்லையைத்தான் முதலில் பார்த்தார். பிறகு முகத்தை.

"அவருக்கு முடியலண்ணே. இன்னிக்கு மூணு மணிக்கு டியூப எடுக்கப் போறாங்க. நீங்க வரணும்."

சடகோபன் ஏன், எப்போது என்று எதுவும் கேட்கவில்லை. மாணவர்களிடம் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு நாற்காலிமேல் கிடந்த குளிர்ச்சட்டையை எடுத்துக்கொண்டார். கார் நிறுத்துமிடத்தில் அவள் சாவியைப் பூட்டுக்குள் செருக முடியாமல் நிற்பதைக் கண்டு சாவியை வாங்கி அவரே ஓட்டுநர் இருக்கையில் ஏறினார்.

நெடுஞ்சாலை ஏறிய பிறகுதான் அவளுக்குப் பேச்சு வந்தது. செவ்வாய்க்கிழமை காலை அவள் கணவர் செந்தில்நாதன் டிராம் பணிமனைக்குக் கிளம்பியவர் வாசற்கதவைத் திறந்ததும் அப்படியே சரிந்துவிட்டார். ஆம்புலன்ஸ் டார்னெய்ட்டில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேரும்வரை மகள் விஷாலினிதான் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். இருபது நிமிடத்துக்குப் பிறகு இதயம் துடிக்கத் தொடங்கியது. மூளை திரும்பவில்லை என்கிறார்கள். ஐந்து நாளாக மூச்சை மெஷின் விடுகிறது.

"ஆனா கை அசையுதுண்ணே. வலது கை. டாக்டர் அது வெறும் நரம்பு இழுக்கறதுன்னு சொல்றாரு. விஷா ஒத்துக்க மாட்டேங்கறா. அப்பாதான் அசைக்கிறாருன்னு சொல்றா. எனக்கும்..." என்று நிறுத்தினாள். "எனக்கும் அப்படித்தான் தோணுது."

சடகோபன் சாலையைப் பார்த்தபடி ஓட்டினார். அவருடைய இடது முன்கையில் குளிர்ச்சட்டை விலகிய இடத்தில் நீளமான தழும்பு தெரிந்தது. கிரிஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மலேசியாவின் ஈப்போ நகரிலிருந்து அண்ணனும் செந்தில்நாதனும் ஒன்றாகத்தான் இந்தோனேசியாவில் பாண்டுங் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார்கள். அங்கே ஒரே ஆசிரியரிடம் சிமாண்டே முறை சீலாட் என்ற தற்காப்புக் கலையைக் கற்றார்கள். தரையில் காலை நீட்டி எதிரெதிரே உட்கார்ந்து, முன்கையால் முன்கையை மோதி மோதி எலும்பை இறுக்குவார்கள். பிறகு எண்ணெய் தேய்த்து நீவிவிடுவார்கள். விடுமுறைக்கு ஈப்போ வந்த அண்ணனின் நண்பனுடைய கைகள் ரம்புத்தான் பழத்தோல்போலத் தடித்திருந்ததைப் பார்த்துத்தான் அவள் முதன்முதலில் செந்தில்நாதனை நிமிர்ந்து பார்த்தாள்.

இரண்டு வருடம் கழித்து சடகோபன் பக்கத்து ஊரான சியாஞ்சூர் போய் சிக்காலோங் என்ற இன்னொரு சீலாட் முறையின் பக்கம் சாய்ந்தார். அதுவும் அந்நியமானதல்ல. அதை உண்டாக்கியவரும் சிமாண்டே கற்றவர்தான், மற்ற சில முறைகளோடு சேர்த்து வேறொன்றாக வளர்த்தார் என்று அண்ணன் சொல்லக் கேட்டிருக்கிறாள். சிமாண்டேயில் அடி வந்தால் வருகிற கையையே அடிக்க வேண்டும். சிக்காலோங்கில் கை காதுமாதிரி இருக்க வேண்டும். தொட்டுக்கொண்டே இருந்தால், எதிராளி அடிக்க நினைப்பது அடி கிளம்பும் முன்பே கைக்குத் தெரிந்துவிடும்.

"சிமாண்டே அப்பன், சிக்காலோங் மகன். மகன் வந்து அப்பனுக்குப் பாடம் எடுக்கறான்" என்று செந்தில்நாதன் சாப்பாட்டு மேசையில் கேலி செய்வார். கல்யாணத்துக்குப் பிறகும், மெல்பர்னில் இருவரும் சேர்ந்து வகுப்பு நடத்திய பத்து வருடமும் அந்தக் கேலி ஓடிக்கொண்டிருந்தது. மாணவர்கள் ஒவ்வொருவராக சடகோபன் பக்கம் போகத் தொடங்கிய பிறகு அதில் கேலி குறைந்துபோனது.

கடைசியாக, ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு கலைவிழா மேடையில், நூறு பேர் முன்னால், செந்தில்நாதன் மச்சானைக் கண்ணை மூடச் சொன்னார். முன்கையை முன்கையில் வைத்தார். "எங்கேருந்து வர்றேன்னு சொல்லு பாப்போம்" என்றார். ஒரு மூச்சு நேரம். பிறகு கையைப் பிரித்து மேலிருந்து இறக்கினார். எலும்பு உடைந்த சத்தம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கிரிஜாவுக்கும் கேட்டது. "கைய எடுத்துட்டா நீ குருடன்தானே" என்றார் செந்தில்நாதன். அண்ணனை மாணவர்கள் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கிரிஜா கணவனோடு வீட்டுக்குப் போனாள்.

"நீங்க கை வச்சுப் பாருங்கண்ணே. அவரு உள்ள இருக்காரான்னு பாத்துச் சொல்லுங்க."

"கிரி, நான் டாக்டர் இல்ல."

"டாக்டருங்க எல்லாம் சொல்லியாச்சு. நீங்க சொல்லுங்க."

"இல்லைன்னு சொல்ல வேண்டி வந்தா?"

கார் வெஸ்ட் கேட் பாலத்தின் உச்சிக்கு ஏறியது. கீழே துறைமுகத்தில் நிறம் நிறமாகப் பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன. பாலம் இறங்கித் தரையைத் தொட்டது.

"இருக்காருன்னு சொல்லுங்கண்ணே" என்றாள். "எப்படியாவது அப்படிச் சொல்லுங்க. விஷா கேட்டுப்பா. இன்னும் ரெண்டு நாள் டைம் கேக்கலாம்."

அவர் விளக்கைப் போட்டு மருத்துவமனைப் பக்கம் காரைத் திருப்பினார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் அன்று பணியில் இருந்த தாதி நிரூபா யாழ்ப்பாணத்துப் பெண். "வாங்கோ அக்கா. டொக்டர் மூண்டு மணிக்குத்தான் வருவார். நீங்கள் ஆறுதலாப் பாருங்கோ" என்று திரையை இழுத்துவிட்டு வெளியே போனாள்.

விஷாலினி அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மாமாவைப் பார்த்ததும் எழுந்தாள். இருபத்துநான்கு வயது. பதினைந்து வயதுவரை இருவரிடமும் பயின்றவள், பிறகு அப்பாவிடம் மட்டும்.

"வை இஸ் ஹி ஹியர்?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

"நான்தான் கூட்டிட்டு வந்தேன். மாமா கை வச்சுப் பாப்பாரு."

விஷாலினியின் முகத்தில் ஏதோ சீறி எழுந்து, அப்படியே தணிந்தது. ஐந்து நாளாக ஒருவரும் அவள் பக்கம் நிற்கவில்லை. விலகி இடம் விட்டாள்.

சடகோபன் கடிகாரத்தைக் கழற்றினார். குழாயடியில் போய் முழங்கைவரை கழுவி, வெதுவெதுப்பான தண்ணீரை நெடுநேரம் கைமேல் விட்டார். படுக்கையருகே வந்து, ஊசிக் குழாய்களை ஒதுக்கி, செந்தில்நாதனின் வலது முன்கைக்கு அடியில் தன் இடது முன்கையை நுழைத்தார். கண்ணை மூடினார்.

மெஷின் மூச்சு விட்டது. கிரிஜா கணவனின் முகத்தைப் பார்க்கவில்லை, அண்ணனின் முகத்தையே பார்த்தாள். சிறுவயதில் அவர் காய்ச்சல் பார்க்க நெற்றியில் கை வைக்கும்போது செய்யும் அதே முகம். ஒரு நிமிடம், மூன்று நிமிடம். செந்தில்நாதனின் கை சட்டென்று துள்ளி அடங்கியது. விரல்கள் மடங்கி விரிந்தன.

"ஃபீல் பண்ணீங்கல்ல மாமா? அசைஞ்சுச்சுல்ல?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. இன்னும் இரண்டு முறை துள்ளியது. பத்து நிமிடம் இருக்கும். கையை மெதுவாக உருவிக்கொண்டார். தங்கையைப் பார்த்தார். கிரிஜா கண்ணால் கெஞ்சினாள்.

"அசையுது" என்றார். "அவன் அசைக்கல."

"என்ன சொல்றீங்க?"

"கை கிளம்பறதுக்கு முந்தி ஒண்ணு வரும், விஷா. ரொம்பச் சின்னதா. இவன்கிட்ட இருபது வருஷம் கை கொடுத்திருக்கேன், எனக்கு அது தெரியும். இப்ப அது வரல. கை மட்டும் போகுது."

"பொய்" என்றாள் விஷாலினி. "அப்பா உங்க கைய உடைச்சாரு. அதுக்கு இது. நீங்க செய்யறது எல்லாமே ஃபேக்குன்னு அப்பா எப்பவும் சொல்வாரு."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவளுடைய வலது முன்கை மேலிருந்து இறங்கி, படுக்கைக் கம்பிமேல் கிடந்த அவருடைய இடது முன்கையில், அந்தத் தழும்பின்மேலேயே விழுந்தது. அப்பா சொல்லிக்கொடுத்த அடி. கம்பி அதிர்ந்தது. திரைக்கு வெளியே காலடிச் சத்தம் நின்றது. சடகோபனின் முகம் வெளுத்தது, ஆனால் கை வைத்த இடத்திலேயே இருந்தது.

விஷாலினி தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏன் கைய எடுக்கல? தெரியாதா உங்களுக்கு?"

"தெரிஞ்சுது."

கிரிஜா அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். "அன்னிக்கு?" என்றாள். "அன்னிக்கு மேடையிலயும் தெரிஞ்சுதாண்ணே?"

அவர் தழும்பைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"தெரிஞ்சுது. கைய பிரிக்கறதுக்கு முந்தியே தெரிஞ்சுது."

"அப்ப ஏன் நகரல?"

"நிறுத்திடுவான்னு நினைச்சேன்" என்றார். படுக்கையில் கிடந்தவரைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார்.

நிரூபா திரையை விலக்கித் தலையை நீட்டினாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மெல்ல மூடிவிட்டுப் போனாள்.

விஷாலினி தரையில் உட்கார்ந்துவிட்டாள். முழங்காலில் முகம் புதைத்து அழுதாள். கிரிஜா அவளிடம் போகவில்லை. அண்ணனிடம் போய், அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"நான் உங்ககிட்ட என்ன கேட்டேன்? ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தைதானே கேட்டேன்?"

"கேட்ட."

"சொல்லியிருக்கலாம்ல?"

"கார்ல வரும்போது சொல்லிடலாம்னுதான் இருந்தேன், கிரி. கைய வச்ச அப்புறம் முடியல."

அவள் பிடியை விடவில்லை. அவரும் விலக்கவில்லை.

மூன்று மணிக்கு டாக்டர் வந்தார். ஆங்கிலத்தில், மெதுவான குரலில், நடக்கப்போவதை ஒருமுறை சொன்னார். கேள்வி இருக்கிறதா என்றார். விஷாலினி தலையை அசைக்காமல் சுவரைப் பார்த்தாள். கிரிஜாவுக்கு ஆயிரம் கேள்வி இருந்தது. இன்னும் ஒருநாள், இன்னும் ஒரு ஸ்கேன், வேறொரு டாக்டர் என்று ஐந்து நாளாகக் கேட்டுத் தேய்ந்த கேள்விகள். "இல்லை" என்றாள்.

குழாயை எடுத்தபோது வெளியே நிற்கச் சொன்னார்கள். திரும்பி வந்தபோது முகத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியெல்லாம் இல்லை. தாடையில் ஐந்து நாள் நரை முளைத்திருந்தது. மூச்சு தானாக வந்தது. பெரிதாக ஒன்று, இடைவெளி, மறுபடி ஒன்று. ஒவ்வொரு இடைவெளியிலும் விஷாலினி, "அப்பா" என்றாள். ஒவ்வொரு மூச்சும் அவளுக்குப் பதில்போலவே வந்தது. அதுதான் கிரிஜாவுக்குத் தாங்கவில்லை.

சடகோபன் கால்மாட்டில் நின்றிருந்தார். கட்டிலை நெருங்கவில்லை.

கிரிஜா கணவனின் முன்கையைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தாறு வருடம் பக்கத்தில் படுத்தவள். அந்தக் கை தூக்கத்தில்கூட மரக்கட்டைபோல இருக்கும், மேலே விழுந்தால் வலிக்கும், தள்ளிவிடுவாள். இப்போது அதன்மேல் தன் முன்கையை ஒட்டி வைத்துக் கண்ணை மூடினாள். அண்ணனுக்கு வராத ஏதாவது தனக்கு வருமா என்று காத்தாள். வெதுவெதுப்பு மட்டும் இருந்தது. வேறு ஏதாவது வந்தால் போதும், எவ்வளவு சின்னதானாலும் போதும், டாக்டரைக் கூப்பிட்டுவிடலாம், குழாயைத் திரும்பப் போடச் சொல்லிக் காலில் விழலாம். இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

நாற்பது நிமிடம் கழித்து ஒரு இடைவெளி முடியாமலே நீண்டது. விஷாலினி, "அப்பா" என்றாள். மறுபடியும் சொன்னாள். நிரூபா வந்து கழுத்தில் விரல் வைத்துப் பார்த்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அக்கா, கையை விடுங்கோ" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. கிரிஜா கேட்டதாகத் தெரியவில்லை. சடகோபன்தான் வந்து, அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

மேலே போர்வை சரிசெய்யும்வரை நடைபாதையில் உட்காரச் சொன்னார்கள். விஷாலினி நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தபடி இருந்தாள். அவளுடைய வலது முன்கை கன்றிச் சிவந்திருந்தது. பக்கத்து நாற்காலியைக் காலியாக விட்டு, அதற்கடுத்ததில் சடகோபன் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் அவள் எழுந்து, அந்தக் காலி நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

நிரூபா ஒரு பெரிய பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து கிரிஜாவின் மடியில் வைத்தாள். செவ்வாய்க்கிழமை போட்டிருந்த பெல்ட், சப்பாத்து, நீல நிற வேலைச் சட்டை. ஆம்புலன்ஸ்காரர்கள் அவசரத்தில் கத்தரியால் வெட்டியிருந்தார்கள். கழுத்திலிருந்து கீழ்வரை ஒரே நேராக வெட்டு. பக்கத்திலேயே பொத்தான்கள் ஆறும் போட்டபடி இருந்தன.

கிரிஜா சட்டையை மடியில் விரித்தாள். மேலிருந்து ஒவ்வொரு பொத்தானாக, அவசரமில்லாமல் கழற்றத் தொடங்கினாள்.