யோகராஜாவின் வரிசை

விடியற்புறம் லண்டன் ஈஸ்ட் ஹாமில் புறப்பட்ட வான், பன்னிரண்டு பெண்களையும் எசெக்ஸ் தோட்டத்தில் இறக்கிவிட்டுப் போனது. பனிப்புகார் இன்னும் கலையவில்லை. தவநாயகி குனிந்து, லீக்ஸ் செடியின் அடியில் கத்தியைக் கொடுத்து நெம்பிப் பிடுங்கினாள். சேறு நகக்கண்ணில் ஏறியது. ஓடைக்கரை வரிசை அவளுடையது. வேறு யாரும் அதில் இறங்குவதில்லை. போன மார்கழியில் பின்னால் உருண்ட டிரெயிலர் அவள் கணவன் யோகராஜாவை நசுக்கியது அங்கேதான்.

அவன் இன்னும் போகவில்லை. அவனுடைய கம்மிய இருமல் தினமும் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

"இஞ்சாருங்கோ, என்னை வேலை செய்ய விடுங்கோ" என்று முணுமுணுத்தாள்.

ஏன் போகவில்லை என்று அவளுக்குத் தெரியும். செத்த மறுநாள் முதலாளி கோல்மன் ஒரு தாளை நீட்டினார். அகதியாய் வந்து இறங்கிய நாள் தொட்டு நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்துப் போட்டவள் அவள். போட்டால்தான் விசா, போட்டால்தான் பெனிபிட் காசு. இதிலும் போட்டாள். அதன் பிரதியைப் பிறகு அப்டன் பார்க் சபை மண்டபத்தில் எலோயிஸ்தான் வாசித்துச் சொன்னாள்: விபத்துக்குக் காரணம் இறந்தவரின் கவனயீனம். டிரெயிலரின் பிரேக் பழுது என்று அவன் மூன்று நாள் கத்தியும் காதில் போடாத மனுஷன் எழுதிய தாள் அது.

எலோயிஸ் ஜமேக்காக்காரி. அவளுடைய கறுப்பின மக்களின் சபை, ஓடைக்கு அப்பால் கோல்மனின் மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்திருந்தது. ஜமேக்காவில் கமம் செய்த டெஸ்மண்ட் அதில் பூசணியும் கீரையும் வைத்தான். கோல்மன் களையென்று பிடுங்கச் சொல்லும் தண்டுக்கீரையை இவர்கள் விதை போட்டு வளர்த்தார்கள். அதைக் கண்ட அன்றே தமிழ்ப் பெண்கள் அவர்களோடு ஒட்டிக்கொண்டார்கள். சனிக்கிழமைதோறும் மண்டபத்திலிருந்து அறுபது வீடுகளுக்குக் காய்கறி போகும். யோகராஜா செத்த மாதம் தவநாயகியின் பிள்ளைகள் பசியாறியதும் அதில்தான்.

பத்து மணிக்குக் கோல்மன் வந்தார். கையில் இன்னொரு தாள்.

"சபைக்காரர் என் லீக்ஸைத் திருடுகிறார்கள். நீ பார்த்ததாக ஒரு கையெழுத்துப் போடு."

திருட்டு என்றால் குத்தகை முறியும். நிலம் வீடு கட்டுகிறவன் கைக்குப் போகும். தோட்டம் முழுக்க அறிந்த சங்கதிதான்.

"நான் பார்க்கவில்லை" என்றாள், தெரிந்த ஆங்கிலத்தில்.

"போனமுறை ஒன்றும் கேட்காமல் போட்டாயே. போடாவிட்டால் நாளைக்கு உனக்கு வான் வராது."

இருமல் மிக அருகில் கேட்டது. தவநாயகிக்கு வெட்கமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. தாளை வாங்கி மடித்து ஜாக்கெட் பைக்குள் வைத்தாள்.

"பிரேக் பழுது. அவர் மூன்று நாள் உங்களிடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன்."

அடுத்த வரிசையில் மேரிறோஸ் நிமிர்ந்தாள்.

"அக்கா, நானும் நிண்டனான். எனக்கும் வான் வேண்டாமெண்டு அந்தாளுக்குச் சொல்லுங்கோ."

ஒவ்வொரு கத்தியாகக் கீழே விழுந்தது.

"நாளைக்கே வேறு இருபது பேரைப் பிடிப்பேன்" என்றார் கோல்மன்.

"பிடியுங்கள். அவர்களுக்கும் பிரேக்கைப் பற்றிச் சொல்லுவோம்" என்றாள் தவநாயகி.

பன்னிரண்டு பேரும் ஓடையைத் தாண்டினார்கள். அங்கே மண்டபத்துக்கு அனுப்பக் கீரை அறுத்துக்கொண்டிருந்த எலோயிஸ், விஷயத்தைக் கேட்டதும் பெட்டியொன்றைக் கவிழ்த்து மேசையாக்கி, கோல்மனின் தாளைப் புரட்டி, வெற்றுப் பக்கத்தில் பிரேக் சங்கதியிலிருந்து நடந்ததை எழுதினாள். டெஸ்மண்ட் பேனாவை நீட்டினான். தவநாயகி வாங்கவில்லை.

"முதலில் வாசி."

எலோயிஸ் வாசித்தாள். மேரிறோஸ் வரிக்கு வரி தமிழில் சொன்னாள். அதற்குப் பிறகுதான் தவநாயகி கையெழுத்துப் போட்டாள். கீழே பதினொரு பெயர்கள் ஏறின. நிலம் தங்குமா, நாளைக்கு வேலை உண்டா, யாருக்கும் தெரியாது.

ஓடைக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது.

"எலோயிஸ், இன்னொரு தரம் வாசி" என்றாள் தவநாயகி. "அவருக்கும் கேட்கவேண்டும்."

எலோயிஸ் ஓடைப் பக்கம் திரும்பி நின்று, உரத்த குரலில் முதலிலிருந்து வாசித்தாள்.