மணிக்கூண்டின் கீழ்ப்படி

மழை விட்டதும் வெயில் சுள்ளென்று அடித்தது. சைக்கிள் பாதையை ஒட்டியிருந்த பழைய தேவாலயத்தைப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை என்று கணவன் ஒற்றைக்காலில் நின்றான். மனைவிக்கோ பசி. போதாக்குறைக்கு, எந்த வழியில் போவது என்பதில் காலையிலேயே இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டிருந்தது.

மணிக்கூண்டுப் படியடியில் நனைந்த ஷூக்களைக் கழற்றிவிட்டு, அவன் வெறுங்காலோடு விறுவிறுவென்று ஏறிப் போனான். அவள் மருந்துக்கடைக்காரி. ஒரு டப்பா இடம் மாறியிருந்தாலே கை பரபரக்கும். பழங்காலத்துக் கல்தரையில் ஷூ தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தால் சும்மா இருப்பாளா? இரண்டையும் தூக்கிப் போய் வாசலில், சைக்கிள் பக்கத்தில் காயவைத்தாள். கோபத்திலும் இந்தச் சேவகத்துக்குக் குறைச்சலில்லை.

அந்த நேரம் பார்த்துத் தெருக்கோடியில் சவப்பெட்டியோடு ஒரு கூட்டம் திரும்பியது. மணி அடிக்கும் பெரியவர் அவளைத் தாண்டி அவசரமாக உள்ளே போனார். வாசலோரம் ஒரு பலகை இருந்தது. பொழுது போகாமல் அதைப் படித்தாள்.

'மணிக்கூண்டில் ஏறுபவர்கள் காலணியைக் கீழ்ப்படியில் விட்டுச் செல்லவும். அங்கே காலணி இருந்தால் மணி அடிக்கப்படாது.'

மேலே தொங்குவது ஆளுயர மணி. அது ஆடினால் பக்கத்தில் நிற்பவனைச் சுவரோடு வைத்து நசுக்கிவிடும். ஒரு ஷூவை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"ஐயா, இழுக்காதீங்க! மேல ஆள் இருக்காரு!"

ஆயுள் முழுக்க மணிச்சத்தம் கேட்ட காது அது. பெரியவர் திரும்பவில்லை. இரண்டு கையாலும் கயிற்றை இழுத்தார். மேலே உத்தரம் முனகியது. அவள் கல்தரையில் வழுக்கி விழுந்தாள். எழுந்திருக்க ஏது நேரம்? கிடந்தபடியே ஷூவை வீசினாள். அது அவர் முதுகில் சொத்தென்று விழுந்தது.

கயிறு அவர் கையைவிட்டு மேலே ஓடியது. மணி ஒரே ஒரு முறை அடித்தது.

"ஏங்க!" எழுந்து படியடிக்கு ஓடினாள். "ஏங்க!"

கடைசியில் படியில் இரண்டு வெறுங்கால்கள் தெரிந்தன. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தோளில் சட்டை கிழிந்து, முகம் வெளுத்து இறங்கியவன் பெரியவர் மேல் பாய்ந்தான்.

"பலகைய படிச்சுட்டு ஷூவ கழட்டி வெச்சுட்டுத்தானே போனேன்! கண்ணு தெரியாதா உங்களுக்கு? நூலிழைல தப்பிச்சேன்!"

பெரியவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "படியப் பாத்துட்டுத்தான் தம்பி இழுத்தேன். ஒண்ணும் தெரியல. கண்ணு போயிடுச்சு போல. இனிமே வேற ஆள வெச்சுக்கச் சொல்லிடறேன்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் விஷயம் அதோடு முடிந்துவிடும். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடலாம். அந்த நினைப்பு வந்ததற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அவரத் திட்டாதீங்க. அவர் கண்ணுக்கு ஒண்ணுமில்ல. ஷூவ எடுத்துட்டுப் போனது நான்தான்."

கணவன் அவளைத் திட்ட வாயெடுத்தான். அதற்குள் வாசலில் சவப்பெட்டி வந்துவிட்டது. பெரியவர் மறுபடி கயிற்றைப் பிடித்தார். படியை அவர் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

"மேல வேற யாரும் இல்லயேம்மா?"