பேய்க்கோடு

பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரியின் இயற்பியல் துறைத் தலைவர் ராசாங்கத்துக்கு 1998-இல் ஒரு புது எலக்ட்ரான் நிலை கிடைத்தது. காப்பர் குளோரைடு மூலக்கூறுக்குள். ஒரு செம்பு அணு, ஒரு குளோரின் அணு, இரண்டே பேர் குடியிருக்கும் வீடு; அதில் எவர் கண்ணிலும் படாத மாடியைத் தாம் கண்டுவிட்டதாக அரியலூர் வரை சொல்லி வைத்தார். அங்கே ஒரு கல்லூரி பாராட்டு விழாவுக்கு நாளே குறித்துவிட்டது.

அந்த மூலக்கூறு உமிழும் நீலப்பச்சை ஒளியை நான்கு வருடமாகக் கோடு கோடாகப் பிரித்துக் கண்ணாடித் தட்டுகளில் படமெடுத்தவள் அவருடைய ஆய்வு மாணவி மர்ஜியா. ராசாங்கம் இருட்டறைக்கு வந்தது இரண்டு தடவை. இரண்டாம் தடவை கதவைச் சாத்தாமல் வந்தார். ஒரு பெட்டித் தட்டு பாழ்.

புது நிலைக்குச் சாட்சி, பளிச்சென்ற ஒரு செம்புக் கோட்டின் இருபுறமும் நின்ற மங்கலான கோடுகள். இருபுறமும் ஒரே தூரம். லப்பைக்குடிகாட்டு ஜவுளிக்கடை வீட்டுப் பெண்ணான மர்ஜியாவுக்கு அது உறுத்தியது. எந்தச் சேலையைப் பிரித்தாலும் ஒரே சாயல் அடித்தால், சாயல் சேலையில் இல்லை, கடை விளக்கில் இருக்கிறது. செம்பே இல்லாத பாதரச விளக்கை வைத்து ஒரு தட்டு எடுத்தாள். அங்கேயும் அதே மங்கல் ஜோடி. ஒளியைப் பிரிக்கும் கீற்றணி என்கிற கண்ணாடியில், கருவி செய்தவர்கள் நெருக்கமாகக் கோடு கிழித்தபோது நேர்ந்த பிசகு. பேய்க்கோடு என்பார்கள்; பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

ராசாங்கம் தட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"பாதரசத்துலயும் இருக்குதா? அப்ப கண்டுபிடிப்பு ரெண்டும்மா."

புது நிலை அத்தியாயம் ஆய்வேட்டில் இல்லாவிட்டால் தம் கையெழுத்தும் இருக்காது என்றார். கையெழுத்து இல்லாமல் பட்டம் இல்லை. அத்தியாயம் இருந்தாலோ, வெளியூர்த் தேர்வாளர் நார்நாராகக் கிழித்துவிடுவார்.

அரியலூர் மேடையில் ராசாங்கத்தின் கழுத்தில் மாலை விழுந்தது. மாணவியும் பேசட்டும் என்றார்கள். மர்ஜியா இரண்டு தட்டுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக புரொஜெக்டரில் வைத்தாள். திரையில் மங்கல் ஜோடிகள் ஒட்டிக்கொண்டன.

"இது மூலக்கூறு இல்லீங்க, மிஷினு. பேய்க்கோடு."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ராசாங்கம் கட்சி மாற மூன்று விநாடி ஆனது. மைக்கைப் பிடித்தார்.

"இதைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தான் நாலு வருஷமா வெரட்டுனேன். பொண்ணு பேயைப் புடிச்சிருச்சு பாருங்க."

கைதட்டல், முன்னதைவிடப் பலமாக. மர்ஜியா மறுக்கவில்லை. கைதட்டல் ஓயுமுன், அந்த அத்தியாயம் இல்லாத ஆய்வேட்டின் சான்றிதழ்ப் பக்கத்தை நீட்டினாள், பேனாவைத் திறந்து.

"இப்பவே போட்டுடுங்க சார். எல்லாரும் பாக்குறாங்க."

மாலையோடு குனிந்து போட்டார். தேதியைத் தப்பாக எழுதினார். அதையும் அடித்துத் திருத்த வைத்த பிறகுதான் அவள் மேடையை விட்டு இறங்கினாள்.