இடுப்பளவுத் தண்ணீரில் ஓர் எழுத்து

ஏரிக்குள் நின்றுகொண்டே பேசலாம் என்று ராபியா சொன்னபோது பால்ராஜ் சிரித்தார். இப்போது இடுப்பளவுத் தண்ணீரில் லுங்கி மிதக்க நிற்கிறார், சிரிப்பு வரவில்லை. எதிரே பொன்னுரங்கமும் அவர் ஊர்க்காரர்களும். பொன்னுரங்கத்தின் மகன் கிருஷ்ணன், மாவுக்கட்டு நனையாமலிருக்கக் கையைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தான், வகுப்பில் சந்தேகம் கேட்பவனைப் போல.

வலை போடும் முறை யாருக்கு என்ற அடிதடியில் பால்ராஜின் படகு போனது, கிருஷ்ணனின் கை போனது. அன்றிலிருந்து இரண்டு ஊரும் வலை இறக்கவில்லை. இறால் மட்டும் நிம்மதியாக வளர்ந்தது.

ராபியா இரண்டு ஊரிலும் நண்டு வாங்குகிற பழவேற்காட்டு வியாபாரி. எந்த ஊரில் கூடுவது என்பதிலேயே முதல் பேச்சு முறிந்தது. யார் நாற்காலி முன்வரிசையில் என்பதில் அடுத்தது. ஏரிக்குள் ஊரும் இல்லை, நாற்காலியும் இல்லை.

பால்ராஜுக்கு வேண்டியது ஒரே சொல். “படக ஒடச்சோம்னு சொல்லச் சொல்லு. அப்பாலதான் வல.”

“செத்தாலும் சொல்ல மாட்டேன்,” என்றார் பொன்னுரங்கம்.

ராபியா முக்காட்டைச் சரிசெய்தாள். “ஒடச்சோம் வேணாண்ணே. ஒடஞ்சுதுன்னு சொல்லுங்க.”

“தானா ஒடயறதுக்கு அது இன்னா அப்பளமா?” என்று பாய்ந்தார் பால்ராஜ்.

ராபியா அவர் பக்கம் திரும்பினாள். “சரி, ஒடச்சோம்னே சொல்லட்டும். அடுத்து அந்தப் புள்ள கையப் பத்தி நீ சொல்லணுமே. இன்னா சொல்லுவ?”

பால்ராஜ் வாயைத் திறந்தார். படகு தள்ளும் கோலை அந்தக் கைமேல் இறக்கியது அவர்தான். ‘ஒடச்சேன்’ என்பதன் ‘ச்’ தொண்டையில் மீன்முள்ளாகக் குறுக்கே நின்றது. ‘ச்’ இருந்தால் செய்தவன் ஒருவன் வேண்டும். ‘ஞ்’ என்றால் கை மட்டும் போதும். அவர் ராபியாவையே பார்த்தார். இரண்டு ஊரும் தேடித் தேடிக் காணாத கதவு ஒரு மெய்யெழுத்து அகலத்தில் இருந்திருக்கிறது. இவள் அதைச் சுருக்குப்பையைப் போல இடுப்பிலேயே வைத்திருந்திருக்கிறாள்.

“படகு... ஒடஞ்சுது,” என்றார் பொன்னுரங்கம். சொல்லும்போது குரலும் தானாகவே உடைந்தது.

“புள்ள கை ஒடஞ்சுது,” என்றார் பால்ராஜ்.

யாரால் என்று ஒருவரும் கேட்கவில்லை. இரு தரப்புக்கும் நடுவே கொழுத்த இறால் ஒன்று துள்ளி விழுந்தது. யாரும் குனியவில்லை; தண்ணீருக்குள் எல்லோர் விரல்களும் மெல்ல விரிந்தன. கிருஷ்ணனின் கை மட்டும் இன்னும் மேலேயே இருந்தது.